ஒரு வருஷத்துப் படங்களும் மார்கழி வெயிலும்: வாசகர் கேள்வி – பதில்

பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் கேமராப் பையோடு பஸ் ஏறிவிடுகிறவர் எழுதும் பகுதி இது. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த வாரங்களில் வந்து சேர்ந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறார்.

டீச்சர், போன பொங்கலுக்குத்தான் கேமரா வாங்கினேன். வங்கி வேலைக்கு நடுவே கிடைத்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் எடுத்தேன். வருஷம் முடியப்போகிறது. கம்ப்யூட்டர் நிறையப் படம் கிடக்கிறது, திறந்து பார்க்கவே மலைப்பாக இருக்கிறது. உங்கள் படங்களை நீங்கள் எப்படித் திரும்பிப் பார்ப்பீர்கள்? நான் தேறியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

அழிக்கிற வேலையை முதலில் வைத்துக்கொள்ளாதீர்கள். மலைப்பு வருவதே அதனால்தான். எதைத் தூக்கிப் போடலாம் என்று ஒவ்வொரு படமாகப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கண் ஓய்ந்துவிடும். ஒரு தடவை தையிலிருந்து கார்த்திகை வரை சும்மா பார்த்துக்கொண்டே போங்கள். தேதி வரிசை மட்டும் மாறாமல் இருக்கட்டும். எடுத்த நாளையும் நேரத்தையும் கேமராவே ஒவ்வொரு படத்துக்குள்ளும் குறித்து வைத்திருக்கும் என்பதால் அடுக்குவது பெரிய காரியமில்லை. பறவை, கோயில், குடும்பம் என்று பிரிக்க ஆரம்பித்தால் வருஷம் கலைந்துபோகும்.

நான் இந்த வேலைக்கு மழைக்காலத்தைத்தான் ஒதுக்குவேன். வெளியே போக முடியாது, வீட்டிலும் யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வருஷம் என் வரிசை இப்படி ஓடியது. தையில் கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகள். மாசியில் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் பிசான அறுப்பு, அதாவது மழைக்காலத்தில் நட்ட நெல்லின் அறுப்பு. அறுப்பு மிஷின் போன பிறகு வைக்கோல் தூசி சாயங்கால வெயிலில் கீழே இறங்காமல் நிற்கும், கொக்குகள் மிஷினுக்குப் பின்னாலேயே நடந்து வரும். பங்குனியிலும் சித்திரையிலும் படம் குறைவு. ஆனியில் நெல்லையப்பர் கோயில் தேர். ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள், காற்றில் ஒரு பக்கமாக மட்டை சாய்ந்த பனைகள். அப்புறம் பாளையங்கோட்டை தசராச் சப்பரங்கள், விடிய விடிய. ஐப்பசியில் மழையும் ஈரச் சுவரும்.

தேரோட்டத்தன்று எடுத்தவைதான் அதிகம். வடம் பிடிக்கும் கூட்டம், அண்ணாந்து பார்த்த தேர், மாடியிலிருந்து எடுத்த ரத வீதி. எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அங்கே நின்ற எல்லோரிடமும் அந்தப் படங்கள் இருக்கும். நான் தாண்டிப் போக முடியாமல் நின்ற படம் வேறு. தேர் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது. அந்த இடைவேளையில் ஒரு பெரியவர் கடைப் படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வடம் உரசிக் கை சிவந்திருக்கிறது, ரேகைக்குள் நார்த்தூள் ஒட்டியிருக்கிறது. மறு கையில் மோர் டம்ளர், அதன் விளிம்பில் ஒரு கறிவேப்பிலை. படத்தில் தேரே இல்லை. தேரின் கனம் முழுக்க அந்தக் கையில் இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகு மற்ற மாதங்களைத் திரும்பப் புரட்டினேன். அறுப்பில் நான் நின்று நின்று எடுத்திருப்பது நெல்லை அள்ளிப் பார்க்கும் கைகளை. பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களை எடுத்தபோதும் கோரையைத் தறியில் செருகும் விரல்களுக்குத்தான் லென்ஸ் போயிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் திட்டம் போடவில்லை. வருஷம் பூராவும் வேலை செய்கிற கைகளின் பின்னாலேயே போயிருக்கிறேன் என்பது கார்த்திகையில் மொத்தமாகப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தத் திரும்பிப் பார்க்கிற வேலை. அது தெரிந்துவிட்டால் அடுத்த வருஷம் எந்த பஸ் ஏறுவது என்கிற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

தேறியிருக்கிறீர்களா என்று பார்க்க, படம் துல்லியமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். படங்களின் நேரத்தைப் பாருங்கள். ஒரே காட்சியை எடுத்த முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் எவ்வளவு இடைவெளி? தையில் ஒரு நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். ஐப்பசிக்கு வரும்போது அதே மாதிரி இடத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். காத்திருக்கப் பழகியவருக்கு மற்றதெல்லாம் தானாகக் கைகூடும். இன்னொன்றும் பாருங்கள். ஒரே இடத்துக்கு வெவ்வேறு மாதத்தில் திரும்பப் போயிருக்கிறீர்களா? அம்பாசமுத்திரத்தில் இருக்கிறீர்கள். ஆறு, வயல், பின்னால் பொதிகை என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கார் பருவத்து நெல் நிற்கும்போது ஒரு முறை, பிசான நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்போது ஒரு முறை, அறுத்த தாளில் ஆடு மேயும்போது ஒரு முறை என்று ஒரே வரப்பில் நின்று எடுத்தாலே அது ஒரு வருஷத்து வேலை.

பிடித்தவற்றை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் பளபளத்த சில படங்கள் காகிதத்தில் ஒன்றுமில்லாமல் போகும், திரையில் சாதாரணமாகத் தெரிந்தது எழுந்து நிற்கும். வீட்டில் படம் எடுக்காத ஒருவரைக் கூப்பிட்டு, “நல்லா இருக்கா?” என்று கேட்காமல், “இதுல என்ன நடக்குது?” என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு மாதத்தில் நாலு இருக்கலாம், இன்னொரு மாதத்தில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். கடைசியாக, எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

குளிர்காலப் படம் என்று வடநாட்டில் பனியை எடுக்கிறார்கள். நமக்கு ஏது டீச்சர் குளிர்காலம்? மழை விட்டால் திரும்பவும் அதே வெயில்தானே?
– கல்லூரி மாணவர், பேட்டை

வெயில்தான் தம்பி, ஆனால் அதே வெயில் இல்லை. கணக்கு டீச்சரிடம் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் கோணம் சொல்லாமல் விட மாட்டேன்.

திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது. சூரியன் வடக்கே 23.4 பாகைக்கும் தெற்கே 23.4 பாகைக்கும் நடுவில் வருஷம் முழுக்கப் போய்வருகிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும், திரும்ப ஆவணியிலும் அது உச்சி வேளையில் நமக்கு நேர் மேலே வந்து நிற்கும். அப்போது நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. முகத்தை எடுத்தால் கண்குழியும் மூக்குக்குக் கீழும் கருத்துப்போகும். டிசம்பர் 21, 22 வாக்கில் பாருங்கள், உச்சிச் சூரியன் 58 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது, தெற்கே சாய்ந்தபடியே போய்விடும். ஐந்தேகால் அடி ஆள் நடு மத்தியானத்தில் நின்றால்கூட மூன்றேகால் அடிக்கு நிழல் இருக்கும். மற்ற மாதங்களில் காலை எட்டரைக்கே மூட்டை கட்ட வேண்டியவர்கள் மார்கழியில் பத்து மணி வரை தாராளமாக எடுக்கலாம்.

இதனால் ஊரே வேறு மாதிரித் தெரியும். தெற்கு பார்த்த வீட்டுத் திண்ணைக்குள் வெயில் ஏறுவது இப்போதுதான். டவுனில் பழைய வீடுகள் இருக்கிற தெருவில் மார்கழிக் காலையில் நடந்து பாருங்கள். மற்ற நாளெல்லாம் இருட்டாகக் கிடந்த மரத்தூண், கதவு நிலை, அதன் குமிழ்கள் எல்லாவற்றிலும் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து ஒவ்வொரு செதுக்கலும் புடைத்து நிற்கும். வடக்கு பார்த்த சுவர்களுக்கு ஆனியில்தான் முறை வரும், அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். கிழக்கு பார்த்த கோபுரத்துக்கு நேர் எதிரே சூரியன் உதிக்க வேண்டுமென்றால் பங்குனிக்கும் புரட்டாசிக்கும் காத்திருக்க வேண்டும்.

தூங்குமூஞ்சிகளுக்கும் இது நல்ல காலம். ஆனியில் ஆறு மணிக்கே உதிக்கிற சூரியன் மார்கழியில் ஆறரையை ஒட்டி வருகிறது, தை நடுவில் ஏறக்குறைய 6.40 ஆகிவிடும். இதோடு காற்றில் இருந்த தூசியை வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்டிருக்கும். ஆடி முழுக்க மேகத்துக்குள் கிடந்த பொதிகை மலை, மழை விட்ட ஒரு காலையில் பாளையங்கோட்டை மாடியிலிருந்து மடிப்பு மடிப்பாகத் தெரியும். அந்தத் தெளிவு வெயில் ஏறினால் மங்கிவிடும், ஏழரைக்குள் எடுத்துவிடுங்கள். நமக்குக் குளிர்காலம் என்றால் இந்த வெளிச்சம்தான். பனி வேண்டுமென்று நான் ஒரு நாளும் ஏங்கியதில்லை.

நண்பர்கள் எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார்கள். என்னிடம் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 18-55 எம்எம் லென்ஸும்தான். மாற்றட்டுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

வருஷக் கடைசியில் நீங்களே தேர்ந்தெடுத்த படங்களைக் கேளுங்கள். எந்தக் குவியத் தூரத்தில், அதாவது லென்ஸின் 18, 55 என்கிற எந்த எண்ணில் எடுத்தது என்பது படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். பாதிக்கு மேல் 55-இல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு நீள லென்ஸ் வேண்டும். 18-இல் நின்றால் அகல லென்ஸ். இருட்டில் எடுத்ததெல்லாம் அசைந்து போயிருந்தால் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்கள் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கேமரா உடம்பை மாற்றுவது இதற்கெல்லாம் அப்புறம்.

இந்த மழையில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, பாபநாசம்

அரிசி வேண்டாம் அம்மா. அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போகும், ஈரத்தையும் அது பெரிதாக இழுக்காது. நீங்கள் சொல்வது பூஞ்சைதான். காற்றில் ஈரப்பதம் கூடி, இருட்டும் சேர்ந்தால் வரும். மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிற வீட்டில் இன்னும் சீக்கிரம் வரும். உள்ளே படர்ந்ததை வீட்டில் துடைக்க முடியாது, லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். சர்வீஸ் செய்கிறவரிடம் கொடுங்கள். ஆரம்ப நிலையில் சுத்தம் செய்துவிடலாம். விட்டுவைத்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. அதுவரை மற்ற லென்ஸ்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி வராமல் பார்த்துக்கொள்ள, ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகளும் போதும். நிறம் மாறுகிற வகையாக வாங்குங்கள். நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வறுக்கிற வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். காற்றின் ஈரத்தை அளக்கிற ஈரப்பதமானி சுமாரான விலையில் சின்னதாக வருகிறது. டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் காட்டினால் நல்லது. தோல் உறையிலும் துணிப்பையிலும் மாதக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பதுதான்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறோம். கூந்தன்குளம் போக ஆசை. எப்போது போவது, என்ன லென்ஸ் வேண்டும்? வெள்ளைப் பறவைகள் எனக்கு எப்போதும் சுண்ணாம்புத் திட்டாக வருகின்றன.
– வாசகி, நாங்குநேரி (இப்போது சென்னை)

பொங்கல் சமயம் சரியான சமயம். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். மழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் எப்படி என்பதைப் பொறுத்துத்தான் பறவைகள். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அரசு அறிவிப்புக்கு வெகு காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்துவந்தது அந்த ஊர் ஜனங்கள்தான். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தெருவோர மரத்திலேயே கூடு கட்டுகின்றன. வீட்டு வாசலில் எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும், குஞ்சுகளின் இரைச்சல் ராத்திரியும் ஓயாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. அங்கே போய்ச் சத்தம் போட்டு, கல்லெறிந்து, பறவையைப் பறக்க வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாது. அப்படி எடுக்கிற படம் எனக்குப் படமே இல்லை.

தெருவோரக் கூடுகளுக்கு 55-250 லென்ஸ் போதும். குளத்து நடுவில் நிற்கும் வரித்தலை வாத்துக்கும் பூநாரைக்கும் அது எட்டாது. எட்டாவிட்டால் பரவாயில்லை, கூட்டமாக, தண்ணீரோடு, பின்னாலிருக்கும் பனைகளோடு சேர்த்து எடுங்கள். அந்த வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகின்றன. அவற்றை நாங்குநேரிப் பனைகளோடு ஒரே சட்டத்தில் பார்ப்பது எனக்கு நெருக்கப் படத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

சுண்ணாம்புத் திட்டு விஷயம். கேமரா எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரும்பச்சை மரத்துக்கு முன்னால் வெள்ளைப் பறவை இருந்தால், மரத்தைப் பார்த்துவிட்டு ‘இருட்டாக இருக்கிறது’ என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பறவை வெந்துபோகும். அப்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் பக்கம் முக்கால் அளவுக்குக் கொண்டுபோங்கள். அதே பறவை வெளுத்த வானத்தில் பறந்தால் கதை தலைகீழ், பறவை கருத்துவிடும். பிளஸ் ஒன்று வையுங்கள். பறப்பதை எடுக்க ஷட்டர் ஆயிரத்தில் ஒரு வினாடியாவது வேண்டும். ஒரு படம் எடுத்ததும், இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், வலது ஓரத்தில் முட்டி நின்றால் இறகு விவரம் போயிற்று என்று அர்த்தம். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இருந்தால் போதும். ட்ரோன் கூடவே கூடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு ஆல்பம் மூழ்கியது. அம்மாவின் கல்யாணப் படங்கள். சேறு காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, ஸ்ரீவைகுண்டம்

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. அந்த டிசம்பர் 17, 18-ஐ நம் பக்கத்தில் யாராலும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. ஆற்றங்கரை வீடுகளில் அப்போது போனதில் பணம் காசைத் திரும்பச் சம்பாதித்துவிடலாம், இந்தப் படங்களைத்தான் முடியாது.

முதலில், வெளியே தெரிகிற பக்கத்தையெல்லாம் இப்போது இருக்கிற நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். ஜன்னலோரம், நேரடி வெயில் படாத இடத்தில், கேமராவைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். அடுத்து நடப்பதில் ஏதாவது போனாலும் இது மிஞ்சும். பிறகு, அவை ஸ்டூடியோவில் பழைய முறையில் கழுவிப் போட்ட படங்களாக இருந்தால், படப் பூச்சு ஜெலட்டினால் ஆனது. தண்ணீரில் ஊறினால் அது மெல்ல இளகும். அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, முக்கியமில்லாத ஒரு படத்தை முதலில் போட்டுப் பாருங்கள். தானாகப் பிரிய விடுங்கள், நகத்தால் நெம்ப வேண்டாம். படப் பக்கத்தை விரலால் தேய்க்கவும் கூடாது, ஊறிய பூச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். பிரிந்ததும் படப் பக்கம் மேலே இருக்கும்படி வெள்ளைத் துணியில் நிழலில் காயவையுங்கள். செய்தித்தாளில் வைத்தால் மை ஏறும். இங்க்ஜெட் பிரிண்டரில் போட்ட படமானால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சாயம் கரைந்துவிடும்.

கல்யாணப் படம் என்கிறீர்கள். நெகட்டிவ் அந்த ஸ்டூடியோவில் இருக்கிறதா என்று ஒரு முறை போய்க் கேட்டுவிடுங்கள். சொந்தக்காரர் வீடுகளில் இதே படத்தின் பிரதி இருக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு படத்தைத் தேடி அலைந்து, கடைசியில் கடையநல்லூர்ச் சித்தி வீட்டுச் சுவரில் கண்டுபிடித்தோம்.

அக்கா, தெருவில் தனியாகக் கேமராவோடு நிற்கவே கூச்சமாக இருக்கிறது. முகம் தெரியாதவர்களை எப்படி எடுக்கிறீர்கள்? கேட்டு எடுத்தால் விறைப்பாகி நிற்கிறார்கள், கேட்காமல் எடுத்தால் மனசு உறுத்துகிறது.
– குடும்பத் தலைவி, வள்ளியூர்

கேட்டே எடுங்கள். விறைப்பு முதல் நாலு படத்துக்குத்தான்.

காருகுறிச்சியில் பானை செய்கிற வீடு ஒன்றுக்குப் போய்வருகிறேன். முதல் தடவை போனபோது கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பானை வாங்கினேன், மண் எந்தக் குளத்திலிருந்து வருகிறது என்று விசாரித்தேன், காபி குடித்தேன். அடுத்த தடவை அந்தப் பாட்டியே, “போட்டோ புடிக்கல்லியா? சும்மாவா வந்தே?” என்று கேட்டார். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடி இருக்காது. கொஞ்சம் உலர்ந்ததும் மடியில் சாய்த்து வைத்து, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியைச் சேர்க்கிறார். தட்டத் தட்ட ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்து மூடுகிறது. உள்ளே இருக்கும் கை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளியே பலகை எங்கே விழும் என்று அந்தக் கைக்குத் தெரிகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அவர் மறந்த பிறகுதான் அந்தப் படம் கிடைத்தது.

எடுத்தால் மட்டும் போதாது, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபோனில் அனுப்புவது கணக்கில் சேராது, அது பேரன் ஃபோனிலேயே கிடக்கும். நான் கொடுத்த படத்தைப் பாட்டி வெகு நேரம் பார்த்தார். “என் கைய யாரும் எடுத்ததில்ல” என்றார். பொங்கல் பானை வேலை மும்முரமாக நடக்கிற மார்கழியில் அங்கே திரும்பப் போவேன், அவர் மகளையும் மருமகளையும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

தனியாகப் போகிற கூச்சத்துக்கு ஒரு வழி: தெரிந்த இடத்தில் தொடங்குங்கள். உங்களுக்கு வழக்கமாகக் காய்கறி தருகிற அம்மா, பூக்கட்டுகிறவர், தையல் கடை. வேண்டாம் என்று சொன்னால் உடனே கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள். ஆற்றில் குளிக்கிறவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது. குறுக்குத்துறைப் படித்துறையில் அப்படி நிற்கிறவர்களை நான் நேராகப் போய்க் கேட்டுவிடுவேன்.

டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் ஃபோனில்தான் படம் எடுக்கிறேன். அரையாண்டு லீவில் என்ன எடுக்கலாம்?
– மாணவி, ஏர்வாடி

லீவில் மார்கழி வந்துவிடும். உங்கள் தெருவில் இருட்டோடு கோலம் போட்டிருப்பார்கள். எல்லோரும் அதை மேலேயிருந்து எடுப்பார்கள். நீ சூரியன் வந்த கொஞ்ச நேரத்தில், ஆறே முக்கால் ஏழு மணி வாக்கில், தரையோடு உட்கார்ந்து சூரியன் இருக்கிற பக்கம் பார்த்து எடுத்துப் பார். சாய்ந்த வெளிச்சத்தில் மாவுக்கோடு ஒவ்வொன்றும் மணல் வரப்பு மாதிரி உயர்ந்து தெரியும். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகியிருந்தால் அதன் நிழலும் நீளமாக விழும். பக்கத்தில் கோலம் போட்டவர் நின்றால் கேட்டுக்கொண்டு அவரையும் எடு.

டிசம்பர் கடைசியில் பாளையங்கோட்டைக்கு வந்தால் ஊசிக் கோபுரத்தைப் பார். 1826-இல் கட்டிய கிறிஸ்தவக் கோயில், கிறிஸ்துமஸ் சமயம் விளக்குப் போட்டிருப்பார்கள். முழு இருட்டில் எடுக்காதே. சூரியன் மறைந்து வானம் நீலமாக இருக்கிற இருபது நிமிஷத்துக்குள் எடுத்தால் விளக்கும் தெரியும், கோபுரமும் தெரியும்.

ஃபோனுக்கு மூன்று விஷயம் போதும். லென்ஸில் எண்ணெய்க் கை பட்டிருக்கும், ஒவ்வொரு தடவையும் சுத்தமான பருத்தித் துணியால் துடை. விரலை விரித்துப் பெரிதாக்காதே, நடந்து கிட்டே போ. முக்கியமான இடத்தைத் திரையில் தொட்டுவிட்டு, ரொம்ப வெளுப்பாக இருந்தால் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறை. அவ்வளவுதான்.

எடுத்ததில் உனக்குப் பிடித்த ஒன்றை பிரிண்ட் போட்டு இந்தப் பகுதிக்கு அனுப்பி வை. படத்துக்குப் பின்னால் எந்த இடம், எத்தனை மணி, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பென்சிலால் எழுது. பேனா வேண்டாம், மை மறுபக்கம் இறங்கிவிடும்.